வெள்ளை விழுங்கிய சலாம்

“வெறும் கசெற் இரிக்கா?” என்று நான் கேட்ட மூன்றாவது கடையில், ரெலிபோன் உறைகள் தொங்கிய கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வெறும் எண்டா? ஒண்டும் இல்லாததா?”

“ஓம். ஒண்டும் இல்லாதது.”

“ஒண்டும் இல்லாததை வாங்கி என்ன செய்யப் போறீங்க?”

நியாயமான கேள்வி. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு புறப்பட்டேன். பாட்டு நிரம்பிய கசெற்றுகள் இந்த நகரத்தில் இன்னும் கிடக்கின்றன. பழைய சாமான் கடைகளில், வெயிலில் வெளுத்த அட்டைகளோடு, மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. யாரும் எதுவும் சொல்லாத கசெற்தான் கிடைக்கவில்லை. பேசாமல் இருப்பது இவ்வளவு அரிதான பொருளாகிவிட்டதை அன்றுதான் அறிந்தேன்.

தேடியதற்குக் காரணம் என் ராத்தா. என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா, கிண்ணியாவில் இருக்கிறார். அவர் தொண்டையில் ஒரு கட்டி. அடுத்த வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசன். “குரல் மாறலாம், போகவும் கூடும், அப்படியே இருக்கவும் கூடும்” என்று டொக்டர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். அங்கே ராத்தா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் தலையாட்டல் செல்லாது. அவருடைய கணவர், என் மச்சான்; நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், அவருடைய இரண்டு கண்களையும் ஐந்து வருடங்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, டொக்டர் சொன்ன மூன்றையும் ராத்தா தன் வாயால் அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் மச்சான் ராத்தாவின் பக்கம் காதைத் திருப்பினாராம். பிறகு, “இப்ப செல்லினதையே இன்னொருக்காச் செல்லு புள்ள” என்றாராம். விசயம் விளங்காமல் கேட்கவில்லை. குரலைக் கேட்கக் கேட்டிருக்கிறார்.

மனைவியின் முகத்தை முதலே இழந்த மனிதருக்கு மிச்சம் அவள் குரல்தான். அதுவும் போய்விட்டால், குசினியில் பாத்திரம் அசைக்கும் யாரோ ஒரு ஆளோடு அவர் மிச்சக் காலத்தைக் கழிக்கவேண்டும்.

அந்தக் குரலைப் பதிந்துவைக்க நான் முதலில் என் போனை நீட்டினேன். மச்சான் அதை வாங்கி இரண்டு பெருவிரல்களாலும் தடவினார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

“பட்டன் எங்க மச்சான்?”

“கண்ணாடியிலதான். தொட்டாச் சரி.”

“வழுக்குது. இதில அவ எந்த இடத்தில இரிப்பா? தொடக்கம் எங்க, முடிவு எங்க?” போனைத் திருப்பித் தந்தார். “எனக்குக் கசெற் எடுத்துத் தா. வெறும் கசெற். அறுபது நிமிசம்.”

அவர் பதினொரு வருடம் சவூதியில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியவர். கலியாணம் முடித்து நாற்பதாம் நாள் போனவர். அந்தக் காலத்தில் அவர்களுடைய குடும்பம் ஓடியது கசெற்றில்தான். அவர் அங்கிருந்து வெறும் கசெற்றுகளை ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார்; ராத்தா பேசி நிரப்பி, போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அவர் கொண்டுவந்த ரேப் ரெக்கோடர் இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அழுத்துவதற்கு ஐந்து கட்டைகள், பல்வரிசை மாதிரி. சிவப்புப் புள்ளி அழிந்துபோனாலும் எது பதியும் கட்டை என்று அவருடைய விரலுக்குத் தெரியும். கண் போன பிறகு அந்த வீட்டில் அவருக்குக் கீழ்ப்படியும் ஒரே யந்திரம் அது.

“தொண்ணூறு வேணாம், மறந்திராத” என்றார். “தொண்ணூறு வெங்காயத் தோல் மாதிரி. சிக்கும். மறுகா, மெல்லிய ரேப்பில சொல்லு ஊறும்.”

“ஊறும் எண்டா?”

“சுத்தி வெச்சா ஒரு சுத்தில இரிக்கிற சொல்லு பக்கத்துச் சுத்துக்கு ஊறும். அந்த வெக்கைக்குள்ள எனக்கு அப்பிடித்தான் வரும். உன்ட ராத்தா ‘இஞ்சாருங்க’ எண்டு கூப்பிட முதலே, தூரத்தில மெல்லிசா ‘இஞ்சாருங்க’ எண்டு கேக்கும். கூப்பிடப் போறா எண்டு எனக்கு முதலே தெரியும்.”

அவர் அதை ஒரு குறைபாடாகத்தான் சொன்னார். நான் பாலத்தைக் கடந்து ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கீழே தண்ணீர் ஒரு தகடு போல் கிடந்தது. சொல்லுக்கு முன்னால் அதன் நிழல் வருகிறது. துருத்தூள் பூசிய ஒரு நாடாவுக்கு அது தெரிந்திருக்கிறது.

கடைசியில் கசெற் கிடைத்தது துறைமுகத்தைப் பார்த்து இறங்கும் வீதியில், ஒரு ரேடியோ திருத்துபவரிடம். இப்போது அவர் திருத்துவது காற்றாடியும் சோறு சமைக்கும் மின்சட்டியும். வாசலில் ஒரு மான் நின்று வாழைப்பழத் தோல் மென்றுகொண்டிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டியிருந்தது.

“நானா, இந்த வருசத்தில வெறும் கசெற் கேட்ட ரெண்டாவது ஆள் நீங்கள்” என்றார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும்; ஆனாலும் என்னை அண்ணன் முறையில் நானா என்றார். “முதல் ஆள் மூதூர்ப் பக்கம் வயல்காரர். நாடாவை உருவி வயலுக்குக் குறுக்கால கட்டினால் காத்துக்கு ஊதுமாம், குருவி வராதாம். ஒரு பெட்டி முழுக்க உருவிக்கொண்டு போனவர்.”

“மிச்சம் இருக்கா அண்ணை?”

“நீங்களும் குருவிக்கோ?”

விசயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு ஏணியில் ஏறினார். இறங்கும்போது தலைமுடியில் ஒட்டடையும் கையில் மூன்று கசெற்றும் இருந்தன.

முதலாவது தாள் பிரிக்காத அறுபது. இரண்டாவது தாள் பிரிக்காத தொண்ணூறு. மூன்றாவது ஏற்கெனவே பாவித்தது. அறுபது, யப்பான் எழுத்து, பெயர் ஒட்டிய தாள் சுரண்டப்பட்டிருந்தது.

“மூண்டையும் கொண்டு போங்கோ. அவரே தெரிவு செய்யட்டும். பாவிச்சதெண்டு அதைத் தள்ளிப்போடாதேங்கோ. சாமான் அதுதான் சாமான். மேலால பதிஞ்சால் சரி.”

மச்சான் தெரிவு செய்ததை நான் அருகில் இருந்து பார்த்தேன். பெண் பார்க்கப் போனவரின் பக்குவம் அதில் இருந்தது. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் ஒரு துவாயை விரித்து, “ஒண்டொண்டாத் தா” என்றார்.

தாள் பிரிக்காத அறுபதை நான் பிரித்துக் கொடுத்தேன். காதருகே பிடித்து மெல்லக் குலுக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு திறந்த ஓரத்தில், நாடா வெளித்தெரியும் இடத்தில், சின்னவிரலால் ஒரு தரம் தொட்டு, விரல் நுனியைப் பெருவிரலோடு உரசிப் பார்த்தார்.

“பூஞ்சணம்.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். நாடாச் சுருளின் விளிம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. தாள் பிரிக்காமலே, உள்ளேயே, யாரும் ஒரு சொல்லும் சொல்லாமலே அது கெட்டுப்போயிருந்தது.

தொண்ணூறைக் குலுக்கியதும் முகத்தைச் சுழித்தார். “செல்லினன்தானே. மெல்லிசு.” ஆனாலும் கீழே வைக்கவில்லை; துவாயின் இடது பக்கத்தில் ஒதுக்கி வைத்தார்.

மூன்றாவதைக் கையில் எடுத்ததும் அவருடைய முகம் மாறியது. “அஞ்சு ஆணி” என்றார் மெதுவாக. விரல் ஒவ்வொரு மூலையாகப் போய் நடுவுக்கு வந்தது. “ஒட்டினது இல்ல, ஆணி போட்டது. சிக்கினாலும் திறந்து எடுக்கலாம். பாரம் இரிக்கி.” சக்கரத்தின் பல்லில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். அதன் சத்தம் எனக்கும் கேட்டது. வெண்ணெயைக் கத்தி வெட்டுவதுபோல ஒரு சத்தமில்லாத சத்தம். “இதுதான் மச்சான். இதுதான். அங்க இந்தச் சாதி கிடைக்க மூண்டு கடை ஏறி இறங்குவன்.”

பிறகு அவருடைய விரல் மேல் விளிம்புக்குப் போய் நின்றது.

கசெற்றின் மேல் விளிம்பில், இரண்டு ஓரத்திலும், நகம் அளவுக்கு இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் பதியும் கட்டை கீழே இறங்காது. உள்ளே இருப்பது அழியாது. எங்கள் பக்கம் அதைக் காது உடைக்கிறது என்போம். பாதுகாக்கவேண்டிய கசெற்றுக்குத்தான் காது உடைப்பார்கள்.

“ரெண்டு காதும் உடைச்சிரிக்கு” என்றார் மச்சான்.

“ஓட்டையில பேப்பர் துண்டு ஒட்டினாப் பதியலாம் எண்டு கடை அண்ணை சொன்னார்.”

“ஓம், சரிதான். ஒட்டலாம்.” கையை எடுக்கவில்லை. “ஆனா ஆரோ ஒரு ஆள் காக்கச் செல்லிரிக்கே. ஒருக்காப் போட்டுக் கேப்பமா?”

ரேப் ரெக்கோடரை இறக்கி மடியில் வைத்தேன். அவரே கசெற்றை நுழைத்து, மூடி, கட்டையை அழுத்தினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மணலில் அலை வடிவதுபோல ஓர் இரைச்சல். பிறகு ஒரு பெண்:

“…லைக்கும்.”

“வஅலைக்கும் ஸலாம்” என்றார் மச்சான் உடனே, பழக்கத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கசெற்றில் பேசிய அத்தனை பேருடைய சலாமும் அப்படித்தான் தொடங்கும். நாடாவின் தொடக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு வெறும் பிளாஸ்டிக் இருக்கும். அதில் எதுவும் பதியாது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளை. விசயம் தெரிந்தவர்கள் வெள்ளை ஓடி முடியும்வரை பொறுத்திருந்து பேசுவார்கள். எங்கள் பெண்கள் பொறுக்கமாட்டார்கள். கட்டையை அழுத்தி, தொண்டையைச் செருமி, முக்காட்டைச் சரிசெய்தவுடன் சலாம் சொல்லிவிடுவார்கள். கணவனுக்கு முன்னால் சலாம் சொல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு இருப்பது எப்படி? ஆகவே பாதிச் சலாத்தை வெள்ளை விழுங்கிவிடும். பாலைவனத்தில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் இருந்து அந்த ஆண்கள் விழுங்கப்பட்ட பாதியைத் தாங்களே மனதுக்குள் போட்டு, முழுப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் தொடர்ந்து பேசினார். “நாங்க எல்லாரும் சொகம். மகனுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திட்டு. கூரையில எறிஞ்சிட்டன். நீங்க வாறதுக்குள்ள மொளைக்காட்டி நான் பொறுப்பில்ல. ஆடு ஒண்டு குட்டி போட்டிருக்கு, உங்கட உம்மாட முகம் மாதிரியே இரிக்கி, கோவிக்காதீங்க…”

குசினியிலிருந்து ராத்தா ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார்.

“இது ஆரு?”

“தெரியா” என்றார் மச்சான்.

“தெரியாத பொம்புளைக்கா சலாத்துக்குப் பதில் செல்லினீங்க? அடுப்படியில எனக்குக் கேட்டிச்சு.”

“சலாம் செல்லினா பதில் செல்லோணும் புள்ள.”

“அவ உங்களுக்கா செல்லினா?” என்றபடி ராத்தா வந்து தரையில் உட்கார்ந்தார். மூன்று பேரும் கேட்டோம். நாடாவுக்குள் பல் விழுந்த பிள்ளை இடையில் ஓடிவந்து ஏதோ சொல்லிவிட்டு ஓடியது. அங்கே தூரத்தில் மூதூர் லோஞ்சின், பயணிகள் படகின், ஊதல் கேட்டது. “லோஞ்சு வந்திட்டு, குடுத்தனுப்பப் போறன், மிச்சம் பின்னுக்கு” என்று அந்தப் பெண் அவசரப்பட்டார். லோஞ்சு போய்ச்சேர்ந்து எத்தனை வருடம். அந்தப் பிள்ளைக்குப் பிறகு முளைத்த பல்லும் இப்போது ஆடத் தொடங்கியிருக்கலாம். ஆனாலும் அவர் அவசரம் இன்னும் முடியவில்லை. நாடாவின் இரும்புத் தூளுக்குள் மூச்சு வாங்கியபடியே இருக்கிறது. ஒரு பெட்டி முழுவதையும் வயல்காரர் உருவிக்கொண்டு போனதாகக் கடைக்காரர் சொன்னாரே. குருவிகளுக்கு மேலே யாருடைய சலாம்கள் ஊதிக்கொண்டிருக்கின்றனவோ.

நாடா நின்றது. மச்சான் கசெற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். அவருக்கு வேண்டிய சாமான் அது. ஐந்து ஆணி, தடித்த நாடா, பூஞ்சணம் இல்லை. இரண்டு துண்டு காகிதம் ஒட்டினால் ராத்தா அதில் வருடக்கணக்காக இருப்பார்.

“இதுக்கு மேலால பதியட்டா?” என்று கேட்டேன்.

மச்சான் கசெற்றின் விளிம்பைத் தடவினார். ராத்தாதான் சொன்னார்: “ஏலாது.”

“தொண்ணூறு சிக்கும் புள்ள” என்றார் மச்சான். குரல் கெஞ்சியது. “சிக்கினா நீ போயிடுவாய்.”

“சிக்கினா எடுப்பம். நான் பேசிறதுக்கு அவவின் வாயப் பொத்தவா? காது உடைச்சு வெச்சவவுக்கு நான் என்ன பதில் செல்லிறது?”

மச்சான் அந்தக் கசெற்றை என்னிடம் நீட்டினார். பிறகு துவாயின் இடது பக்கத்தைத் தடவித் தொண்ணூறைத் தேடி எடுத்தார். என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய விட்டுக்கொடுப்புகளில் ஒன்று அது. ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு துவாயின் மேல் நடந்தது.

மறுநாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு பதிந்தோம். கசெற்றை யந்திரத்துக்குள் வைக்குமுன் நான் ஒரு குமிழ்முனைப் பேனாவைச் சக்கரத்துக்குள் விட்டுச் சுற்றத் தொடங்கினேன். சக்கரப் பல்லின் சத்தம் கேட்டதும் மச்சான், “என்ன செய்யிறாய்?” என்றார்.

“வெள்ளையைக் கடத்துறன். இந்தத் தரமாவது முழுச் சலாமும் பதியட்டும்.”

“வேணாம். திருப்பிச் சுத்து.”

“ஏன் மச்சான்?”

“பதினொரு வருசம் அவ எனக்குப் பாதிச் சலாம்தான் செல்லினவ. முழுசா வந்தா அது ஆரோ ஒரு டீச்சர்ட கசெற்.”

திருப்பிச் சுற்றினேன். ராத்தா யந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். கட்டையை அழுத்தவில்லை. மச்சான் எதிர்க் கதிரையில் காத்திருந்தார்.

“என்னத்தச் செல்ல?” என்றார் ராத்தா. “ஆள் முன்னால இரிக்கக்குள்ள கசெற்றில என்னத்தச் செல்லிற? வெக்கமாரிக்கி.”

மச்சான் யோசித்தார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க போறீங்க?”

“சவூதிக்கு.”

வாசலைத் தாண்டி, முருங்கை மரத்தைத் தொட்டு, வேலிப் படலைக்குப் பக்கத்தில் கிடந்த கல்லில் போய், வீதியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டையை அழுத்தினார். தொண்டையைச் செருமினார், முக்காட்டைச் சரிசெய்தார், சலாம் சொன்னார். எல்லாம் அதே அவசரம்.

அவர் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. அது படலையில் இருந்தவருக்கு. நான் பார்த்துக்கொண்டிருந்தது நாடாவை. சின்னக் கண்ணாடி வழியாக அது இடது சுருளிலிருந்து வலது சுருளுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்ணிறம். ஒரு பக்கம் இன்னும் ஒன்றும் சொல்லப்படாதது, மறு பக்கம் என் ராத்தா. இரண்டுக்கும் ஒரே நிறம். நடுவில் அரைவிரல் இடைவெளியில் ஏதோ நடக்கிறது. இருந்தும் கண்ணுக்கு ஒரு அடையாளமும் இல்லை. இடையில் ரொட்டி விற்கும் சூன் பாண் ஓட்டோ தன் மெட்டைப் போட்டுக்கொண்டு வந்து படலையில் நின்றது. “இண்டைக்கு வேணாம், நான் ஊரில இல்ல” என்று மச்சான் பாண்காரரிடம் சொல்வதும் உள்ளே பதிந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பிறகு தேவைப்பட்டது. முடிவுக்கு வரும்போது ராத்தா சொன்னார்: “குரல் போயிட்டா நான் கை தட்டுவன். ஒண்டு தட்டினா ஓம். ரெண்டு தட்டினா இல்ல. மூண்டு தட்டினா உங்களுக்குப் பைத்தியம் எண்டு அர்த்தம்.”

நாடா சிக்கவில்லை. நானே காது உடைத்தேன்.

வியாழன் போனது. கட்டியை எடுத்தார்கள். பத்து நாள் பேசக்கூடாது என்று டொக்டர் சொன்னார். பிறகு என்ன மிஞ்சும் என்று அவருக்கும் தெரியவில்லை. ராத்தா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மச்சான் அந்தக் கசெற்றைப் போடவேயில்லை என்று பின்னால் அறிந்தேன். “அவ உயிரோட இரிக்கக்குள்ள ஏன்?” என்றார்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, ஓட்டோவிலிருந்து இறங்கி ராத்தா மெதுவாக நடந்தார். கழுத்தில் கட்டு. உள்ளே மச்சான் கதிரையில் நிமிர்ந்து, செருப்புச் சத்தத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நடப்பது யாரென்று காலடியில் கேட்டுக்கொண்டிருந்தார், நிச்சயமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேசவேண்டாம் என்று ராத்தாவுக்குச் சைகை காட்டினேன். அவர் வாசல்படியில் காலை வைத்தார். இத்தனை வருடப் பழக்கம் டொக்டரைக் கேட்குமா? தொண்டை செரும முடியாமல் ஒரு கணம் தடுமாறி, முக்காட்டைச் சரிசெய்து, வாயைத் திறந்தார். முதலில் வெறும் காற்று வந்தது. நாடாவின் இரைச்சல் போல, ஒன்றும் பதியாத காற்று. பிறகு அதன் வாலில், கரகரத்து, உடைந்து, ஆனால் ஊரில் வேறு எவரிடமும் இல்லாத அந்த இழுவையோடு:

“…லைக்கும்.”

மச்சானுடைய உடம்பு கதிரையில் தளர்ந்தது. தண்ணீர் நிரம்பிய கண்களை எங்கேயோ கூரையில் வைத்துக்கொண்டு முழுப் பதிலும் சொன்னார், ஓர் எழுத்துக் குறையாமல். பிறகு, “வெள்ளை ஓடி முடிஞ்சிட்டு” என்றார். “உள்ள வா புள்ள. நீதானே?”

ராத்தா ஒரு தரம் கை தட்டினார்.